குண்டூசியில் நின்ற கவுன்

1770-களின் இங்கிலாந்துக் கவுன் ஒன்றைத் தைத்து முடித்தால் கடைசியில் ஒரு சங்கடம் மிஞ்சும். முன்பக்கத்தை மூட அதில் ஒன்றுமே இருக்காது. பொத்தான் இல்லை, காஜா இல்லை, கொக்கி இல்லை, கட்டுவதற்கு நாடாகூட இல்லை. இரண்டு ஓரங்களும் நெஞ்சின் நடுவில் வந்து நின்றுவிடும். குண்டூசி குத்தித்தான் மூட வேண்டும்.

லண்டனில் நாங்கள் சில பெண்கள் வார இறுதியில் கூடி இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய உடைகளைக் கையாலேயே தைத்துப் பார்க்கிறோம். பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் காசு கொடுப்பதில்லை, நாங்கள்தான் கொடுக்கிறோம். ஜேனட் ஆர்னால்டு 1964-இல் வெளியிட்ட ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ எங்களுக்கு வேதம். அருங்காட்சியகங்களில் இருந்த உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து, எந்தத் தையல் எங்கே போகிறது என்று வரைந்து வைத்த மனுஷி.

கவுனை வீடியோ காலில் காட்டியபோது அம்மா உதட்டைப் பிதுக்கினார். ஊரில் ஜாக்கெட் தைத்தே எங்களை ஆளாக்கியவர். “ஏண்டி, இவ்வளவு பாடுபட்டுத் தைச்சிருக்க, நாலு கொக்கி வச்சாத்தான் என்னவாம்?”

நியாயமான கேள்வி. கொக்கியும் வளையமும் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல, பல நூற்றாண்டுகளாகப் புழங்கியவை. அதே காலத்து ஆண்களின் கோட்டில் பொத்தான்கள் வரிசை கட்டி நின்றன. பெண்களின் கவுனுக்கு மட்டும் ஏன் குண்டூசி? அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்துப் பெண் உடுத்தும் வரிசையைப் பார்த்தால் பாதி விளங்கும். முதலில் லினன் உள்சட்டை. அதன்மேல் ஸ்டேஸ்: திமிங்கலத்தின் வாய்த் தகடுகளைக் கீறிச் செருகி, முதுகில் கயிற்றை இழுத்துக் கட்டும் விறைப்பான உள்ளாடை. பிறகு பாவாடைகள். கடைசியில் கவுன். அந்த நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலும் கவுனின் முன்னோரங்கள் ஒன்றையொன்று தொடாது. இடைவெளியில் ஸ்டமக்கர் என்ற முக்கோணத் துண்டை ஸ்டேஸின்மேல் குத்தி, கவுனின் ஓரங்களை அதன்மேல் குத்துவார்கள். கழுத்துத் துணிக்குக் குண்டூசி, தொப்பிக்குக் குண்டூசி, ரிப்பனுக்கும் அதுவே. உடம்பில் குத்தாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அடியில் ஸ்டேஸ் பலகையாக நிற்கிறது. ஊசியைத் துணிக்குள் நுழைத்து வெளியே எடுத்து, முனையை மடிப்புக்குள் புதைத்துவிட்டால் தெரியவே தெரியாது.

ஷூவிலும் இதே போக்கு. அதன் இரண்டு பட்டைகளைப் பாதத்தின்மேல் குறுக்கே இழுத்து, பக்கிளின் முட்களைப் பட்டையிலேயே குத்தி மாட்ட வேண்டும். பக்கிள் தனிச் சொத்து. ஷூ தேய்ந்தால் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். (அந்த ஷூக்களில் இடது, வலது என்று கிடையாது. இரண்டும் ஒரே வார்ப்பு. போட்டுப் போட்டுத்தான் கால் அதைத் தனதாக்க வேண்டும். அந்த வேதனையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.) முழங்கையில் தொங்கும் லேஸ் சுருக்கங்களை நான்கு நூலோட்டத்தில் இணைத்திருப்பார்கள், துவைக்கும்போது பிரித்துவிடுவார்கள். பாக்கெட்டும் கவுனோடு ஒட்டியதல்ல. நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, பாவாடைக்குள் தொங்கவிட்ட பை அது. எதுவும் எதோடும் நிரந்தரமாகச் சேரவில்லை.

காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய கவுன் ஒன்றின் அருகில் நிற்க வேண்டும். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025-இல் கிழக்கு லண்டனில் திறந்த சேமிப்புக் கிடங்கில், முன்பதிவு செய்தால் நாம் கேட்கும் பொருளை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். பட்டுக் கவுன் ஒன்றின் முன்னோரத்தை லென்ஸில் பார்த்தேன். ஊசி போன பொடித் துளைகள், ஒரே கோட்டில் இல்லாமல் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. உடுத்தியவள் ஒருநாள் இறுக்கிக் குத்தியிருக்கிறாள், இன்னொருநாள் தளர்த்தியிருக்கிறாள். பக்கத் தையலைப் பிரித்து அகலப்படுத்திய தடம் வேறு. அன்றைக்குத் துணிதான் விலை; தையல்காரியின் கூலி அதில் ஒரு சிறு பங்கு. வயிறு பெருத்தால், பிள்ளை உண்டானால், உடை தங்கைக்கோ வேலைக்காரிக்கோ போனால், பழைய துணிக் கடையில் விற்கப்பட்டால், அடுத்த உடம்புக்கும் அது பொருந்தியாக வேண்டும். கொக்கி ஓர் அளவைத் தீர்மானித்துவிடும். குண்டூசி தீர்மானிக்காது.

அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை குண்டூசி எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பி.காம். படித்த யாருக்கும் விடை தெரியும். ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயம் குண்டூசித் தொழிற்கூடத்தில்தானே தொடங்குகிறது! சுமார் 18 வேலைகளாகப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் செய்தால் நாளொன்றுக்கு 48,000 ஊசிகள். தனியாளாகச் செய்தால் இருபதுகூடத் தேறாது. வேலைப் பகிர்வுக்கு உதாரணம் என்று மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த 48,000 ஊசிகளை யார் வாங்கினார்கள் என்று ஆசிரியர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஸ்மித்துக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் இதை எழுதிவிட்டார்கள். திதரோவின் கலைக்களஞ்சியத்தில் 1755-இல் வந்த தொகுதியில் குண்டூசிக்குத் தனிக் கட்டுரை உண்டு. அதிலும் 18 வேலைகள். நார்மண்டியின் லேகிள் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. பித்தளைக் கம்பியை இழுத்து மெலிதாக்கி, நிமிர்த்தி, வெட்டி, சாணைச் சக்கரத்தில் முனை சீவுவார்கள். தலை தனி வேலை. இன்னும் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒன்றாக நறுக்கி, ஊசியில் கோத்து, காலால் மிதித்து இயக்கும் எடையால் அடித்து இறுக்குவார்கள். பிறகு வெள்ளீயத்தோடு கொதிக்கவைத்தால் மஞ்சள் பித்தளைக்கு வெள்ளை மெருகு ஏறும். தவிட்டில் உருட்டித் துடைத்து, காகிதத்தில் வரிசையாகக் குத்தி விற்பார்கள். அந்தக் காலத்து ஊசியை லென்ஸில் பார்த்தால் தலையில் அந்தச் சுற்று தெரியும். தேம்ஸ் நதியில் கடலோதம் இறங்கும் நேரத்தில் கரைச் சேற்றில் இவை இன்றும் கொத்துக் கொத்தாகக் கிடைக்கின்றன.

இங்கிலாந்தில் க்ளாஸ்டர் நகரம் குண்டூசியால் பிழைத்தது. தலை கோப்பது போன்ற வேலைகளில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். ஸ்மித்தின் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். வாங்கிய பெண்கள்தான் காணோம் என்றால், செய்தவர்களில் பலரும் அங்கே காணோம். பொருளாதாரப் பாடத்தின் மிகப் புகழ்பெற்ற உதாரணம் பெண்களின் அலமாரியிலிருந்து வந்தது என்பதை அந்தப் பாடம் ஒருமுறைகூடச் சொல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஊசி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறார். 1775 ஜூனில், பாஸ்டன் பக்கம் போர் மூண்டுவிட்ட நேரத்தில், அபிகெயில் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் இருந்த கணவர் ஜானுக்குக் கடிதம் எழுதுகிறார். ஜான் பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரானவர். நாட்டுப் பிரச்சினைகளுக்கு நடுவே அபிகெயில் கேட்டது ஒரு கட்டு குண்டூசி. கட்டுக்கு 6,000 இருக்கும், முன்பு ஒரு டாலருக்கு வாங்கினேன், இப்போது பல மடங்கு கொடுத்தாவது வாங்கி உங்கள் பெட்டியில் வைத்து அனுப்புங்கள் என்பது அதன் சாரம். குண்டூசி பிரிட்டனிலிருந்து வர வேண்டிய சரக்கு. வியாபாரம் நின்றதும் வரத்து நின்றது. ஒரு வீட்டுக்கு 6,000 எதற்கு என்று கவுன் உடுத்திப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

1824-இல் தலையும் உடலும் ஒரே கம்பியில் அமையும் ஊசிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். 1832-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹோவின் இயந்திரம் வந்தது. பதினெட்டு வேலைகளும் மெல்ல ஒரே இயந்திரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. புடவைத் தலைப்பில் நாம் குத்தும் ஊக்கு 1849-இல்தான் பிறந்தது. என் கவுனின் பாணியைவிட வயதில் இளையது.

எங்கள் குழுவில் சிலர் துணிக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கொக்கி வைத்துத் தைக்கிறார்கள். வெளியே குண்டூசி ஒன்றிரண்டு, பார்வைக்கு. சீக்கிரம் உடுத்தலாம், பஸ்ஸில் ஏறும்போது பயமில்லை. அதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் தீபாவளி கழிந்த வாரம் நாங்கள் உடுத்திக் கூடியபோது, கொக்கி வைத்தவர்களில் இரண்டு பேருக்குக் கவுன் மூடவில்லை. எனக்கு மூடியது, ஊசியை ஒரு விரற்கடை தள்ளிக் குத்திக்கொண்டேன். புகைப்படம் பார்த்த அம்மா கேட்டார்: “அதிரசம் அத்தனையும் நீயே தின்னுட்டியாடி?”