பனியை அள்ளாமல் ஒரு பாதை

அம்மம்மாவுக்குச் சலரோகம். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலமாவது நடக்க வேண்டுமென்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒன்ராறியோவில் டிசெம்பர் பிறந்தால் அவவின் நடை ஹோலுக்குள்ள மட்டும்தான். சோபாவைச் சுற்றிச் சுற்றி வருவா. “கோயில் வீதி சுத்திற மாதிரித்தான் இருக்கு, சாமி மட்டும் இல்லை” எண்டு சிரிப்பா. பேரப்பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வராது.

வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரரின் வெறுங்காணி. கோடையில் அதன் ஓரமாகத்தான் நடப்பா. அங்கே பனியை அள்ளிப் பார்த்தோம். காற்று திரும்பவும் மூடிவிடும். நிலம் தெரிய அள்ளின இடத்தில் பகலில் உருகுகிற தண்ணி இரவில் ஐஸாகி, முதலைவிட மோசமாக வழுக்கும்.

அந்த நேரம்தான் வெர்மொண்ட் பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்றை அறிந்தோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வீதிப் பனியை அகற்றவில்லை. குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளைகளால் அமத்தினார்கள். சறுக்கு வண்டி ஓட அந்தப் பனி தேவை. கூரை போட்ட பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், அள்ளிக்கொண்டுபோய் உள்ளே கொட்டினார்களாம்!

புதுப் பனியில் பெரும்பகுதி காற்றுத்தான். உருளை ஏறும்போது காற்று வெளியேறி, பனித்துகள்கள் உடைந்து நெருங்கும். தொட்டுக்கொள்கிற இடங்களில் அவை மெல்ல மெல்ல ஒட்டி இறுகும். அதற்கு ஓர் இரவு வேணும்.

நாங்கள் எடுத்தது 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பாய். இரண்டு பக்கமும் நடுவில் துளையிட்டு, இரும்புக் குழாயை அச்சாகச் செருகினோம். துளை கிழியாமலிருக்க இரு பக்கமும் வட்டப் பலகை இறுக்கி, மரச்சட்டம் பூட்டி, கயிறு கட்டினோம். உள்ளே தண்ணீர் விடவில்லை. உறைந்தால் பருத்துப் பீப்பாயை வெடிக்க வைக்கும். பாரம் தேவையென்றால் சட்டத்தின் மேல் மண்மூட்டை.

ஊரில் கிரிக்கெட் பிட்சுக்கு ரோலர் உருட்டினவர்களுக்குத் தெரியும், பாரம் கூடக்கூட நல்லது. பனியில் அப்படியில்லை. பாரம் கூடினால் உருளை புதைந்து, உருளாமல் பனியை முன்னால் தள்ளும். அதனால் அதிகம் குவிய விடாமல் ஒவ்வொரு பனிக்கும் உருட்ட வேண்டும். ஆழமென்றால் முதலில் காலால் மிதித்துவிட்டு, பிறகு வெறும் பீப்பாய், கடைசியாகத்தான் மூட்டை.

யன்னலால பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, “வயலுக்குப் பலகை அடிக்கிற மாதிரியெல்லோ இருக்கு” எண்டா.

அடுத்த நாள் காலமை ஊன்றுகோலோட இறங்கினா. முதல் நாலைந்து அடி எங்கட கையைப் பிடிச்சா. பிறகு விட்டிட்டா. அண்டைக்குப் பாதையின் அந்தம் மட்டும் போய்த் திரும்பினா.

இப்ப பனி கொட்டி ஓய்ந்தால் முதல் குரல் அவவின்ரதான்: “பிள்ளையள், பீப்பாய் உருட்டேல்லையோ?” உருட்டின கையோடு சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பா. அவவை விடியும்வரை மறிச்சு வைக்கிறதுதான் இப்ப எங்களுக்குப் பெரிய வேலை.