இரண்டு கபடி அணிகள்

பேத்தியை எந்தக் கபடி அணியில் சேர்ப்பது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. கிருஷ்ணகிரி அணிக்கு மேட் உண்டு; வேன் பிடித்து ஓசூர், சேலம் என்று போட்டிக்குப் போவார்கள். ஆனால் களத்தில் ஏழு பேர்தான். இவள் வெளியே உட்கார வேண்டியதுதான். நம் காவேரிப்பட்டினத்து அணிக்கு மண் தரை. முழங்கால் தேயும், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ரெய்டு கிடைக்கும். எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண்தானே என்றேன்.

"மேட்ல பழகாம அங்க ஆட முடியுமாப்பா?" என்றாள் மகள்.

1994இல் பள்ளி அணியோடு தர்மபுரிக்குப் போக அவளை நான் விடவில்லை. அதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

இந்த மாத வேன் பணத்தை நானே கொடுத்துவிட்டேன்.