காய்ச்சல் இல்லையே, எப்படிக் கிருமி?

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் இப்போது நிறையப் பேர். செலவு எவ்வளவு, படி ஏற முடிகிறதா என்றெல்லாம் பேசுவார்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்தால் எப்படித் தெரியும் என்று மட்டும் பேசமாட்டார்கள். நூற்றில் ஒருவர் இருவருக்கு வருவதுதான், ஆனால் வந்தால் பெரும்பாடு.

பாகூரில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு வந்தது. அறுவை முடிந்து 4 மாதம் நன்றாக நடந்தார். பிறகு தொடையிடுக்கில் வலி. நடக்கும்போது மட்டுமல்ல, படுத்திருந்தாலும், நடுராத்திரியிலும் வலித்தது. தையல் ஆறியிருந்தது. "மாமா, காய்ச்சல் இல்லையே, எப்படிக் கிருமி?" என்றார். வீட்டில் வாயு என்றார்கள். மருந்துக்கடையில் 5 நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது.

எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அந்த மாத்திரையைப் பற்றித்தான். அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, ஆனால் பரிசோதனையில் ஒளிந்துகொள்ளும். உடம்பு தாங்கும் நிலையில் இருந்ததால் 2 வாரம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்த்தார்கள். அறுவை முடிந்ததும் இரண்டும் எல்லோருக்கும் ஏறும். சி.ஆர்.பி. சில வாரங்களில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் கழித்து ஏறி நின்றால் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம்தான், நெஞ்சுச் சளிக்கும் அது ஏறும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாதாம்.

முடிவு சொல்வது ஊசிதான். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால், ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி நீர் எடுத்தார்கள். அதில் வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள், கிருமியை வளர்த்தும் பார்ப்பார்கள். சில கிருமிகள் சோம்பேறிகள். 14 நாள் வரை வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் வரும் 'வளரவில்லை' என்ற தாளோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ஒரே மாதிரியில் மட்டும் வளர்ந்தால் அது தோலிலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வந்தால் உறுதி. இரண்டு சான்று கேட்பது எங்கள் ஆபீஸ் வழக்கமும்கூட, எனக்கு உடனே புரிந்தது. மூட்டிலிருந்து வெளியே புரையோடிச் சீழ் வடிந்தால் வேறு சான்றே வேண்டாம்.

1946இல் பாரீசில் ஜூதே சகோதரர்கள் அக்ரிலிக்கில் இடுப்பெலும்புத் தலை செய்து பொருத்தினார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. ஆனால் இன்றைய மூட்டுக்கு வழி காட்டியவர் ஆங்கிலேயரான சார்ன்லி. கிருமிக்குப் பயந்து, வடிகட்டிய காற்று வீசும் கூண்டுக்குள் நின்று அறுவை செய்தவர் அவர்.

அறுவை முடிந்த சில வாரங்களுக்குள் தெரிந்துவிட்டால், கழுவி மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நாளானால் கிருமி உலோகத்தின் மேல் பாசிபோல் படர்ந்துவிடும், மருந்து ஏறாது. மைத்துனருக்கு மூட்டைக் கழற்றிவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டை வைத்திருக்கிறார்கள். சி.ஆர்.பி. இறங்கிக்கொண்டிருக்கிறது. புது மூட்டுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.