வட்டங்கள்



கணினியைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். ஆயினும், 2011ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் காட்டிய, அன்று புதிதாயிருந்த வலைத்தளம், ஓராண்டாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த தவறு ஒன்றை மீண்டும் என் முன் கொண்டுவந்து நிறுத்தியது. ஆகவே எழுதுகிறேன்.

அம்மாணவர் சென்னையில் வலைத்தளங்கள் உருவாக்கும் பணியில் இருக்கிறார். விடுமுறையில் ஊர் வந்தவர், மஃக்ரிப் தொழுகைக்குப் பின் மடிக்கணினியுடன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஹஸ்ரத், கூகுள் பிளஸ் வந்திருக்கிறது. உங்களுக்கும் ஓர் அழைப்பு அனுப்பியிருக்கிறேன்" என்றார்.

2011 ஜூன் 28 அன்று தொடங்கப்பட்ட தளம் அது. அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே நுழைய முடிந்த அந்நிலையிலும், இரண்டே வாரங்களில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டதாக அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமை அதிகாரி லாரி பேஜ் அறிவித்திருந்தார். அப்போது 75 கோடிப் பயனர்களைக் கொண்டிருந்த ஃபேஸ்புக்கோடு போட்டியிட வந்த தளம் என்று மாணவர் விளக்கினார்.

அவர் ஒரு தொழிலாளியின் கண்ணால் அதனைப் பார்த்தார். பக்கம் முழுவதும் மீண்டும் இறங்காமலேயே முகவரி மட்டும் மாறும் நேர்த்தியைச் சுட்டிக்காட்டினார். நண்பர்கள், குடும்பத்தினர், அறிமுகமானவர்கள் என்று அதில் வட்டங்கள் இருந்தன. ஒருவருடைய பெயரை இழுத்து உரிய வட்டத்தில் போட்டால் போதுமாயிருந்தது. வேண்டாத வட்டத்தை நீக்கினால், அது சக்கரம்போல் உருண்டோடி மறைந்தது. மெக்கின்டாஷ் கணினியை உருவாக்கிய குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் கைவண்ணம் அது என்றார். பிற நிரலாளர்கள் அத்தளத்தோடு தம் மென்பொருள்களை இணைக்க அப்போது இன்னும் வழி திறக்கப்படவில்லை என்பது மட்டும் அவருக்குக் குறையாக இருந்தது.

"இதற்கு முன் 2010 பிப்ரவரியில் பஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஹஸ்ரத். நாம் யாருக்கு அடிக்கடி மின்னஞ்சல் எழுதுகிறோம் என்பதே பிறருக்குத் தெரியும்படி ஆகிவிட்டது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தலையிட்டு, 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கை நடக்க வேண்டும் என்று இவ்வாண்டு மார்ச்சில் உடன்பாடு கண்டது. அந்தப் பாடத்தில்தான் இந்த வட்டங்கள் பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வசதி சென்ற ஆண்டு நம்மிடம் இருந்திருந்தால், அந்தப் படத்தை நன்கொடையாளர்களுக்கு மட்டும் காட்டியிருக்கலாம்" என்றார்.

அந்தப் படம் எதுவென்று அவரும் அறிவார், நானும் அறிவேன்.

அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் மதரஸாவின் ஆண்டு விழாவில், தந்தையை இழந்த மாணவன் ஒருவனுக்குப் புத்தாடையும் நூல்களும் வழங்கினோம். அவன் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் காட்சியைப் படமெடுத்து, அவன் நிலையை விளக்கும் இரண்டு வரிகளோடு சமூக வலைத்தளம் ஒன்றில் இடச் செய்தேன். மதரஸாவுக்காக அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தவர் இதே மாணவர்தான். பிறரும் உதவ முன்வருவார்கள் என்பதே என் நிய்யத். படம் வளைகுடாவில் இருக்கும் அவனுடைய உறவினர்கள் கண்ணில் பட்டது. "எங்கள் மானத்தை ஏன் வாங்குகிறாய்?" என்று அவன் தாயிடம் தொலைபேசியில் சண்டையிட்டார்கள். மறுவாரமே பிள்ளை ஓத வருவதை நிறுத்திவிட்டான். படத்தை நீக்கினேன். ஆனால் அவர்கள் வீட்டுக்குச் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மாணவர் காட்டிய வட்டத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு வட்டத்துக்கு மட்டும் நான் காட்டியதை, அதில் இருப்பவர் தம்முடைய வட்டத்துக்குக் காட்ட முடியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"முடியும், ஹஸ்ரத். ஒவ்வொரு பதிவாக அதைத் தடுத்து வைக்கலாம். தடுத்தாலும், திரையில் தெரிவதைப் படமாக எடுத்துக்கொள்வோரை யாராலும் தடுக்க முடியாது."

"சரி, அதுவும் நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை கைநீட்டி வாங்குவதை நன்கொடையாளர்கள் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?"

அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அவரைக் கேட்டதும் அன்று. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் போதிப்பவன் நான். யாருக்குக் காட்டுவது என்பதை வலைத்தளம் நேர்த்தியாகக் கேட்கிறது. காட்டத்தான் வேண்டுமா என்பதை நாம்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்றேன். கதவின் மறைவில் நின்று அத்தாய் பேசினார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள், ஹஸ்ரத். படம் எடுக்கும்போது பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். பிள்ளை வாசலுக்கு வந்து என் ஸலாமுக்குப் பதில் சொன்னான், தலையை நிமிர்த்தவில்லை. எப்போது ஓத வருவாய் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமையை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை என்றே தோன்றியது.

சகோதரர்களே, ரமளான் நெருங்குகிறது. அரிசியும் ஆடையும் ஜகாத்தும் வழங்கப்படும் நாட்கள். வழங்கும் கைகளையும் வாங்கும் முகங்களையும் படமெடுக்க நம்மிடம் கைப்பேசிகள் இருக்கின்றன. பரப்புவதற்குப் புதிய தளங்களும் வந்துவிட்டன. கணக்குக் காட்ட வேண்டுமெனில் மூட்டைகளைப் படமெடுங்கள், இரசீதுகளைப் படமெடுங்கள். முகங்களை விட்டுவிடுங்கள்.

மாணவர் அனுப்பிய அழைப்பை ஏற்றுக்கொண்டேன். வட்டங்களில் பெயர்களை இட்டு வந்தேன். எதையும் பகிரவில்லை. அப்பிள்ளைக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.