கள்ள மரக்கால்

ஒண்ணாப்பு படிக்கையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மணிச்சட்டம் இருந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகள் மணியைத் தள்ளித் தள்ளி எண்ணுவார்கள். சேரிப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து வாயால் எண்ண வேண்டும். 'தொடாத, பாத்துக்க' என்பார் வாத்தியார். பார்த்துக்கொண்டேதான் பத்தாம் வகுப்பில் 35 மார்க்கோடு கணக்கிடமிருந்து தப்பித்து, தமிழ் எம்.ஏ. வரைக்கும் வந்தேன். தமிழ்ப் பற்று என்று மேடையில் சொல்வதுண்டு. பாதிதான் நிஜம்.

இப்போது சேரியில் சாயந்தரம் பாடம் எடுக்கிறோம். கையிருப்பு: புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, பழைய பேப்பர், கீறல் விழுந்த ஒரு செல்போன். அதில் ஜியோஜீப்ரா இருக்கிறது. 2001 இல் ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கியது. நமக்குக் காசு கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும்.

மூணில் ஒண்ணைவிட நாலில் ஒண்ணுதான் பெரிசு என்றாள் ஒருத்தி. 'நாலுதானக்கா பெருசு?' பேப்பர் பட்டையை மடித்துக் கையில் கொடுத்ததும் பேச்சு நின்றது. ஆனால் பேப்பரை இரண்டு, நாலு, எட்டு என்று மடிக்கலாம். பதிமூணாக மடிக்க முடியுமா? அங்கேதான் போன். விரலை இழுக்க இழுக்க எண் ஏறும், துண்டு மெலியும். பேப்பரைத் தொடவிடாமல் முதலிலேயே போனைக் கொடுத்த அன்று அது வெறும் பொம்மைப் படமாகப் போனது. வீடியோவைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் எனக்கு அந்தப் பின்வரிசை மாதிரியே படுகிறது.

ஒருநாள் அவள் திரையை இரண்டு விரலால் விரித்தாள். 'அக்கா, கால் பெருசாயிடுச்சு!' ஒரே கூச்சல். தன் பேப்பர் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. கொஞ்சநேரம் முறைத்துவிட்டு, 'முழுசுல்ல பெருசாயிருக்கு' என்றாள்.

திண்ணையில் இருந்த அம்மா சிரித்தாள். கீழத்தஞ்சையில் கூலிநெல் வாங்கியவள். ஆண்டை வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால். 1940களிலேயே செங்கொடிச் சங்கம் முத்திரை மரக்கால் கேட்டுப் போராடியது; எங்கள் களத்துக்கு அது வந்து சேரவில்லை.

'எண்ணி எண்ணித்தாண்டி வாங்குனேன். எண்ணிக்க சரியாத்தான் இருந்துச்சு' என்றாள்.

போனைக் கேட்டு வாங்கி விரித்துப் பார்த்தாள். காய்ப்புக் காய்த்த விரலுக்குத் திரை அசையவில்லை. பிள்ளை பேப்பர் பட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.