தூக்கிப் பாருங்க டீச்சர்

மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் பட்டறை. காரட் மூட்டைகளோடு மலையிறங்கி வந்த பிக்கப் வண்டியிலிருந்து கியர் சைக்கிள் ஒன்றும் இறங்குகிறது. கூடவே ஒரு டீச்சர். குன்னூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவர் என்று பேச்சில் தெரிகிறது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு, சைக்கிளைத் தானே உருட்டி வந்து நிறுத்துகிறார். பஞ்சர் ஒட்ட வந்த என் முறைக்கு இன்னும் நேரமிருக்கிறது. ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மோட்டார் போடணும் தம்பி. இருக்கறதுலயே எடை கம்மியானதா சொல்லுங்க."

மெக்கானிக்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் கேட்கும் முதல் கேள்வி மோட்டாரைப் பற்றியதல்ல.

"வீடு ரோட்டு மேலயே இருக்குதுங்களா டீச்சர்?"

"எங்க? ரோட்டுலருந்து முப்பத்தெட்டுப் படி ஏறணும். சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போவேன். கீழ விட்டா மழையிலயே கெடக்கும்."

அவர் தலையாட்டிக்கொள்கிறார். உத்தரத்தில் தொங்கும் தராசுக் கொக்கியில் சைக்கிளை மாட்டுகிறார். முள் ஆடி நிற்கிறது. பதினாலரை கிலோ. கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றின் பின்பக்கத்தில் அதை எழுதி வைக்கிறார்.

மேசைமேல் மூன்று மோட்டார்கள். முதலாவது முன்சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டார், சுமார் இரண்டரை கிலோ. மற்ற இரண்டும் பெடல் அச்சில் மாட்டும் மிட் டிரைவ். பாஃபாங் பிபிஎஸ்02 சுமார் நாலு கிலோ. டாங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 மூன்றரைக்குச் சற்று மேல். இரண்டுமே சீனாவின் சூஜோ நகரத்துத் தயாரிப்புகள். டீச்சரின் கை நேராக ஹப் மோட்டாரிடம் போகிறது.

"இதுதானே லேசு?"

"கையில வெச்சா லேசுதானுங்க. சமவெளிக்கு அருமையான சாமான். உங்க மேட்டுல என்ன வேகத்துல ஏறுவீங்க?"

"பத்து கிலோமீட்டர் வெச்சுக்கங்க."

"இது இருபத்தஞ்சுல ஓடறதுக்குன்னு சுத்தினதுங்க."

டீச்சர் அவரிடமிருந்து பேனாவை வாங்கிக்கொள்கிறார். இருபத்தாறு அங்குலச் சக்கரம். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 200 சுற்று. பத்து கிலோமீட்டரில் 80. எழுதியதை ஒருமுறை பார்க்கிறார். வேகம் பாதிக்கும் கீழே இறங்கினால், மோட்டாருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு ஓட்டமாகாமல் சூடாகிவிடும். அதை மெக்கானிக் விளக்க வேண்டியிருக்கவில்லை, டீச்சரே முணுமுணுத்துக்கொள்கிறார். மிட் டிரைவ் மோட்டாரோ தன் சக்தியைச் செயின் வழியாகத் தருகிறது. பின்னால் எந்தப் பல்சக்கரத்தைப் போடுகிறோமோ, அதற்கேற்பத் தன் வேகத்தில் சுற்றிக்கொள்ளும்.

"கல்லாறுலருந்து குன்னூர் வரைக்கும் ரயிலே பல்லைப் புடிச்சுத்தானுங்க ஏறுது," என்கிறார் மெக்கானிக்.

டீச்சர் சிரித்துவிடுகிறார். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அந்த ஏற்றத்தைப் பார்த்தபடி வளர்ந்தவர். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ஹப் மோட்டார் மேசையின் மறுகோடிக்கு நகர்கிறது.

இனி இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் இடையில் அரை கிலோகூட இல்லை. மெக்கானிக் விலையைச் சொல்லவில்லை, கயிறு எடுக்கிறார். பிபிஎஸ்02 மோட்டாரைப் பெடல் அச்சுக்குக் கீழே கட்டுகிறார். அதற்கு வழக்கமாகப் போடும் 48 வோல்ட் பேட்டரியைச் சட்டத்தின் சாய்குழாயில் கட்டுகிறார். அதுமட்டுமே மூன்றரை கிலோ.

"தூக்கிப் பாருங்க டீச்சர். அப்படியே பரணுக்கு ஏறுங்க."

பட்டறையின் பரணுக்கு ஏழெட்டு மரப்படிகள். டீச்சர் தோளில் ஏற்றுகிறார். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார். இறக்கி வைக்கும்போது பின்சக்கரம் பொத்தென்று விழுகிறது. ஒன்றும் சொல்லாமல் மெக்கானிக் எல்லாவற்றையும் அவிழ்க்கிறார். இப்போது டிஎஸ்டிஇசட்2 மட்டும். பேட்டரியைக் கட்டாமல் டீச்சரின் கையில் தனியாகக் கொடுக்கிறார். சின்ன 36 வோல்ட் பேட்டரி.

"இதை மொதல்ல பைல போட்டுக்கங்க. சாவி போட்டாக் கழண்டுரும்."

இந்த முறை பரண்வரை நிற்காமல் போய் வருகிறார். முகத்தில் ஒரு தெளிச்சல். எனக்கும் நெஞ்சு நிறைகிறது. வாங்க வந்தவரின் தோளிடமே கேட்டு முடிவெடுக்கும் கடைக்காரரை எத்தனை இடத்தில் பார்க்க முடியும்?

பிறகுதான் மிதிப்பதைப் பற்றிய பேச்சு வருகிறது. பிபிஎஸ்02 பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சும்மா சுற்றினாலும், வைத்த அளவு சக்தியைத் தந்துவிடும். டிஎஸ்டிஇசட்2-இல் டார்க் சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ, அதைப் பார்த்துத் தன் பங்கைச் சேர்க்கும். ஸ்டாண்டில் ஏற்கெனவே அது மாட்டிய வண்டியொன்று நிற்கிறது. பின்சக்கரத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெடலைக் கையால் மெதுவாக அழுத்தச் சொல்கிறார். சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. பின்பிரேக்கைச் சற்றுப் பிடித்தபடி ஓங்கி அழுத்தச் சொல்கிறார். ஒரு முனகலோடு மோட்டார் கூடவே வருகிறது.

"சும்மா உக்காந்துக்கிட்டா இது கொண்டுபோகாதுங்க. நீங்க மிதிச்சாத்தான் அது மிதிக்கும்."

"எனக்கு மிதிக்கணும் தம்பி. முட்டி அத்தனை மேட்டையும் தாங்கல, அவ்வளவுதான்."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எடை குறைந்த மோட்டார் பொருந்துகிறது. காலின் வேலை முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் பெரிய மோட்டார், அதற்குத் தீனி போடப் பெரிய பேட்டரி, அதையெல்லாம் நிறுத்தப் பெரிய பிரேக் என்று சைக்கிள் மொபெட்டாகிவிடும். காலும் பாதி தருகிறேன் என்று சொல்லும் ஆளிடம் சைக்கிள் சைக்கிளாகவே இருக்கிறது.

250 வாட் மாடலையே எடுக்கச் சொல்கிறார் மெக்கானிக். பிபிஎஸ்02 வருவதே 500, 750 வாட்களில். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் உதவியை நிறுத்திக்கொண்டால் பெடல் சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்துகிறவருக்கு அது முக்கியம்.

அடுத்து பேட்டரி. இங்கே டீச்சர் வாத்தியாராகிவிடுகிறார். நிறை, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கும் சூத்திரமாக அட்டையில் எம்.ஜி.எச். என்று எழுதுகிறார். அவரும் பையும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுப் படிவரை நூறு மீட்டர் உயரம் என்று கணக்கு வைக்கிறார். பெருக்கினால் 78,400 ஜூல். 3,600-ஆல் வகுத்தால் 22 வாட்-மணிகூட வரவில்லை.

"இவ்வளவுதானா?" அவருக்கே ஆச்சரியம்.

"மோட்டார் தின்றது, ரோடு தின்றது எல்லாஞ் சேத்து ரெண்டு பங்கா வெச்சுக்கங்க டீச்சர்."

நாற்பத்தைந்து. நாளைக்கு இரண்டு தடவை என்றால் தொண்ணூறு. காலின் பங்கைக் கழிக்கவே இல்லை. டீச்சர் உடனே கேட்கிறார்: "அப்ப இருவது செல்லு போதுமே? 250 வாட்-மணி வருமே? இன்னும் லேசாகுமே?"

மெக்கானிக் தகரப் பெட்டியைத் திறந்து 18650 ரகச் செல்களை மேசைமேல் அடுக்குகிறார். ஒவ்வொன்றும் ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. 36 வோல்ட்டுக்குப் பத்துச் செல் வரிசையாக வேண்டும். அப்படி இரண்டு வரிசை வைக்கிறார். பிறகு மூன்றாவது வரிசையையும் அடுக்குகிறார்.

"மேட்டுல கன்ட்ரோலர் பதினஞ்சு ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. ரெண்டு வரிசைன்னா ஆளுக்கு ஏழரை. மூணு வரிசைன்னா அஞ்சு. அஞ்சுன்னா சூடு கம்மி, ரொம்ப நாள் வரும். அரை கிலோ எச்சா ஆகுமுங்க. அது பைல போறதுதானே? படியில வண்டியோட சேத்துத் தூக்கறதில்லியே."

டீச்சர் மூன்றாவது வரிசையை விரலால் தொட்டுப் பார்க்கிறார். சரி என்கிறார். முப்பது செல், 378 வாட்-மணி, உறையோடு இரண்டே கால் கிலோவுக்குள். எங்கே லேசாக இருக்க வேண்டும், எங்கே கொஞ்சம் கனம் சேர்ந்தால் நல்லது என்று இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்குள் மெக்கானிக் சைக்கிளைத் தலைகீழாக்கிவிட்டார். வெர்னியரால், பெடல் அச்சு உட்காரும் பி.பி. குழாயின் அகலத்தை அளக்கிறார். 68 மில்லிமீட்டர். மோட்டார் உட்காரும். செயின் பக்கத்துக் கப்பை வலஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்துகிறார். அந்தப் பக்கத்து மரை இடது மரை. குழாய்க்கு அடியில் கியர் கேபிள் ஓடும் பிளாஸ்டிக் தடத்தைச் சுட்டிக்காட்டுகிறார். மோட்டார் அங்கே இடிக்கும். கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரமும் போய் 42 பல் ஒன்று மட்டும் நிற்கும். அந்தக் குறையை ஈடுகட்டப் பின்னால் 34 பல் வரை உள்ள ஃப்ரீவீல். டீச்சர் மறுபடி கணக்குப் போடுகிறார். பத்து கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 65 சுற்று. கால் தாங்கும் வேகம்தான்.

மெக்கானிக் ஒன்றையும் மறைக்கவில்லை. மனித மிதியோடு மோட்டாரின் இழுப்பும் ஒரே செயினில் ஏறுவதால் செயினும் ஃப்ரீவீலும் முன்னைவிடச் சீக்கிரம் தேயும். கியர் மாற்றும்போது ஒரு கணம் மிதியை இளக்க வேண்டும். மோட்டாருக்குள்ளே நைலான் பல்சக்கரம் ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைப்பது அதுதான், ஆனால் சூடேறினால் முதலில் போவதும் அதுதான். மேட்டில் பெரிய கியரில் போட்டு மோட்டாரைத் திணறவிடக் கூடாது. மோட்டாரைப் பிடித்திருக்கும் லாக் நட்டை அவ்வப்போது இறுக்கிப் பார்க்க வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்கிறார்.

கடைசிக் கூட்டல். பதினாலரையிலிருந்து கழற்றும் பழைய சாமான் ஒன்றரை கிலோ போகும். மோட்டார், வயர், டிஸ்பிளே எல்லாம் சேர்ந்து நாலு கிலோ ஏறும். படியில் தோளுக்கு வருவது 17 கிலோ. இப்போது தூக்குவதைவிட இரண்டரைதான் கூடுதல். டீச்சர் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போடுகிறார். பிறகு முன்பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

"எப்ப வரட்டும் தம்பி?"

"பேட்டரி கட்டி, ரெண்டு தடவை சார்ஜ் ஏத்தி எறக்கிப் பாக்கோணுமுங்க. அடுத்த சனிக்கெழமை வாங்க. வாரப்ப உங்க ஸ்கூல் பையி, புஸ்தகம், சோத்துப் போசி எல்லாம் அப்படியே கொண்டாங்க டீச்சர். பேட்டரியும் அதுக்குள்ள போட்டு, வண்டியையும் தோள்ல வெச்சு, இதே பரண்ல ஏறிப் பாத்துட்டுத்தான் மீதிப் பணம் வாங்குவேன்."