பூட்டை உரிமம் உடைக்குமா?

போன மாதம் எங்கள் ஊர் மாலைப் படிப்பு வட்டத்தில் நடந்தது. நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் அம்பேத்கரின் 'அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்' மின்னூலைக் காசு கொடுத்து வாங்கியிருந்தான். அவன் போனில் திறந்தது. வட்டத்தின் பழைய லேப்டாப்பில் திறக்கவில்லை. நாலு பக்கம் பிரிண்ட் எடுக்கவும் விடவில்லை. "காசு என்னுது, பூட்டு அவங்க கையில. இது என்ன நியாயம்ணே?" என்றான்.

லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்ட உரை அது. சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், அண்ணல் மறுத்தார். மாநாட்டையே ரத்து செய்தார்கள். 1936-இல் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1956-இல் மறைந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடியும். ஆக, 2017 ஜனவரி 1 முதல் அந்த எழுத்து எல்லோருக்கும் சொந்தம். ஆனால் கோப்புக்குப் பூட்டு.

கணினி படிக்கும் தங்கை கேட்டாள்: "கட்டற்ற மென்பொருள் உரிமம் இதைத் தடுக்காதாண்ணே?"

பாதி தடுக்கும். டிவோ என்ற அமெரிக்க நிறுவனம் தன் வீடியோ பதிவுக் கருவியில் லினக்ஸைப் பயன்படுத்தியது. மூல நிரலைக் கொடுத்தது. ஆனால் நாம் திருத்திய நிரலை அந்தக் கருவி ஓட விடாது. இதற்குப் பதிலாகத்தான் 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்த உரிமத்தில் உள்ள நிரலை வீட்டுக் கருவியில் வைத்து விற்றால், திருத்தியதை நிறுவத் தேவையான சாவியையும் தர வேண்டும். அந்த நிரலால் போட்ட பூட்டை உடைத்தவர்மீது வழக்குப் போடும் உரிமையையும் விட்டுவிட வேண்டும். பூட்டுப் போடாதே என்று அது சொல்லவில்லை. திறப்பவரைத் தடுக்காதே என்கிறது.

ஆனால் அந்த நிரலைத் தொடாதவரை அது கட்டுப்படுத்தாது. லினக்ஸ் கருவே பழைய இரண்டாம் பதிப்பில் நின்றுவிட்டது. மின்னூல் கடைக்காரர் தானே நிரல் எழுதிப் பூட்டினால் நம் உரிமம் அங்கே செல்லாது.

நம் ஊர் வரலாறு இதைத்தான் சொல்கிறது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்தது. நமக்கென்று தனித் தெரு போட்டுக்கொண்டால் அந்தத் தெரு திறந்திருக்குமா? போராடினார்கள். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. உரிமம் என்பது நாம் போடும் தெரு. அதில் யாரும் கதவு வைக்க முடியாது. அடுத்தவர் வைத்த கதவுக்குச் சட்டம் வேண்டும்.

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. உரிமை முடிந்த எழுத்தில் மீற என்ன இருக்கிறது? ஆனால் குற்றமில்லை என்பதால் பூட்டு தானாகத் திறக்காது.

ஆகவே தோழர்களே, இரண்டும் செய்வோம். நம் துண்டறிக்கை, மொழிபெயர்ப்பு, பாடக்குறிப்பு எல்லாவற்றையும் கிரியேட்டிவ் காமன்ஸில் விடுவோம்; அதன்மேல் பூட்டுப் போட அந்த உரிமமே அனுமதிக்காது. பொதுப்பணத்தில் நூலகங்கள் வாங்கும் மின்னூலில் பூட்டு கூடாது என்று கேட்போம்.

அன்று அந்த நாலு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துவிட்டோம். அண்ணல் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழு நூலும் பூட்டில்லாமல் இருக்கிறது. தம்பிதான் உரக்க வாசித்தான்.

ஜெய் பீம்.